செமோர் வெயிலில் ஒரு ஹீட்டர் தேடல்

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் செமோர். நெடுஞ்சாலை வந்த பிறகு பினாங்குக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தொடாமலே போய்விடுகிறார்கள். தொட்டுப் போனால் சாலையின் இருபுறமும் பழைய கடைவீடுகள், அவற்றுக்குப் பின்னால் புதிய தாமான்கள், சற்றுத் தள்ளி கந்தான் சுண்ணாம்புக் குன்று, அதன் அடியில் 1960-களில் வந்த சிமெண்டு ஆலை. அந்தக் குன்றில் மட்டுமே காணப்படும் ஒரு சிலந்திக்கு அறிவியலாளர்கள் ‘லிபிஸ்டியஸ் கந்தான்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வட்டாரத்தின் பெயர் உலக நூல்களில் ஏறியது ஒரு சிலந்தியின் புண்ணியத்தால்.

சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டங்கள். இப்போது பாதி செம்பனை, மீதி வீடமைப்பு. பால்மரம் நின்ற இடத்தில் இரண்டு மாடி வரிசை வீடுகள் நிற்கின்றன. தோட்டத்துக் கோயில் மட்டும் சில இடங்களில் வீடுகளுக்கு நடுவே தனியாக மிஞ்சியிருக்கிறது. மதியத்தில் 33 டிகிரி வெயில். இரவிலும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. இந்த ஊரில்தான் என் சித்தப்பா தன்னுடைய பழைய பிக்கப்புக்கு ஹீட்டர் தேடினார். காடிக்குள் சூடு பரப்பும் அதே ஹீட்டர்தான்.

ஈப்போவில் பழைய உதிரிச் சாமான் விற்கும் கடையில் கேட்டதும் தௌக்கே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்கிள், எல்லாரும் ஏர்கோன் கேட்டு வராங்க. நீங்க ஹீட்டர் கேக்கறீங்க!” தோட்டப் பக்கம் வளர்ந்த சீனர்கள் பலரைப் போல அவரும் நன்றாகத் தமிழ் பேசுவார். சித்தப்பா சிரிக்கவில்லை. “கேமரன் மலைக்கு ஏறணும் தௌக்கே. இறங்கவும் வேணும்ல?” என்றார்.

வண்டி 1974-ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் சீரிஸ் 3. நீளமான 109 அங்குல அடிச்சட்டம், 2,286 சிசி டீசல் எஞ்சின், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் கேபின், பின்னால் திறந்த தட்டு. சித்தப்பா அந்த வண்டியைத் தோட்டத்தில் ஓட்டிய டிரைவர். தோட்டம் கைமாறியபோது சாமான்களோடு சாமானாக அதையும் விற்றார்கள். அவர் சேமிப்பைப் போட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைச் சின்னம்மா இன்னும் மறக்கவில்லை.

லேண்ட் ரோவருக்கும் நம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் உள்ள உறவு பழையது. அந்த வண்டி முதன்முதலாக ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டப்பட்டது 1948 ஏப்ரல் 30 அன்று. ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 16-இல் செமோருக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் தொடங்கியது. தொரைமார் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார்கள். அந்தத் தகட்டுக்குள் அவர்கள் வெந்திருப்பார்களே தவிர, குளிரில் நடுங்கியிருக்க மாட்டார்கள். 1950-களின் இறுதியிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. வேலையிழந்த நம் மக்கள் நிலத்தைத் தாங்களே வாங்க வேண்டும் என்று துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பிறந்ததும் சுங்கை சிப்புட்தான். நிலம் கைமாறிய அந்தக் காலத்தில் லோரியும் டிராக்டரும் லேண்ட் ரோவரும் கைமாறின. பேராக்கில் இன்று ஓடும் பழைய வண்டிகளின் பழைய கிராண்ட்டைப் பார்த்தால் முதல் உரிமையாளராக ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயர் இருப்பதில் ஆச்சரியமில்லை.

சித்தப்பாவின் வண்டியில் ஹீட்டருக்கான பெட்டி இருந்தது. சீரிஸ் 3-இல் அது பானெட்டுக்குள் இடப்பக்கம் இருக்கும். ஆனால் அதற்குப் போக வேண்டிய இரண்டு ரப்பர் குழாய்களையும் ஒன்றோடொன்று வளைத்துச் சேர்த்து, கிளிப் போட்டு முடித்திருந்தார்கள். வெப்ப நாடுகளில் இது எங்கும் நடந்ததுதான். ஹீட்டர் என்பது வேறொன்றுமில்லை, ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றிச் சூடான தண்ணீரில் கொஞ்சம் அதற்குள் ஓடும். ஒரு விசிறி அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். காற்று சூடாகிக் காலுக்கும் முன்கண்ணாடிக்கும் போகும். எஞ்சின் எப்படியும் வீணாக வெளியே கொட்டும் சூடு அது, எண்ணெய் செலவில்லை. அந்தக் குட்டி ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் முழுவதும் ஒழுகி எஞ்சினே போய்விடும். வெயில் நாட்டில் தேவையில்லாத ஒரு பொருளுக்காக எஞ்சினைப் பணயம் வைப்பானேன் என்று போமன்கள் குழாயை வளைத்துக் கட்டிவிட்டார்கள். (வெளியூர் வாசகர்களுக்கு: மலேசியாவில் மெக்கானிக்குக்குப் பெயர் போமன். ‘ஃபோர்மேன்’ என்பதுதான் மலாய் வழியாகத் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது.)

அப்படியானால் இப்போது எதற்கு ஹீட்டர்? போன ஆண்டு மலையில் உறவுக்காரர் வீட்டுப் பரிசத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பியபோது நடந்ததுதான் காரணம். பாட்டியின் தங்கை குடும்பம் தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள். முன் இருக்கையில் சித்தப்பா, சின்னம்மா, மடியில் பேத்தி. மழை. எல்லார் உடையும் நனைந்திருந்தது. கம்போங் ராஜாவைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் முன்கண்ணாடி உள்பக்கம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. சின்னம்மா முந்தானையால் துடைக்க, துடைத்த இடம் பத்து வினாடியில் மறுபடி மூட, எதிரே வரும் காய்கறி லோரியின் விளக்கு மட்டும் கலங்கிய மஞ்சள் பொட்டாகத் தெரிந்ததாம். சாலையோரம் அகலமான ஓர் இடத்தில் நிறுத்தி, மழை விடும்வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். “இனிமே அந்த வண்டியில மலைக்கு வரமாட்டேன்” என்று சின்னம்மா சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு வண்டியை விற்க மனமில்லை. ஆகவே ஹீட்டர்.

கண்ணாடி ஏன் மூடிக்கொள்கிறது என்பது புரிந்தால்தான் எந்த ஹீட்டரை வாங்குவது என்பதும் புரியும். மூச்சிலும் நனைந்த துணியிலும் நீராவி இருக்கிறது. அது குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தண்ணீராகப் படிகிறது. கண்ணாடியை ஐந்தாறு டிகிரி சூடாக்கினாலே படிவது நின்றுவிடும். கேபினையே அடுப்பாக்க வேண்டியதில்லை. குளிர் நாட்டுக்காரர் ஹீட்டர் வாங்கும்போது அது எத்தனை கிலோவாட் என்று கேட்பார். நாம் கேட்க வேண்டியது, கண்ணாடியின் அடிவிளிம்பில் எவ்வளவு காற்று வருகிறது என்பதை. வெளிக்காற்றை இழுத்துத் தருகிறதா, உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடுகிறதா என்பது அடுத்த கேள்வி. உள்காற்றைச் சுற்றவிடும் வகை சீக்கிரம் சூடேறும், ஆனால் நம் மூச்சு ஈரத்தையே திரும்பத் திரும்பக் கண்ணாடியில் அடிக்கும். சீரிஸ் 2 காலத்து வண்டிகளில் காலடியில் தொங்கும் வட்ட ஹீட்டர்கள் பல இந்த வகை. சீரிஸ் 3-இல் உள்ளது வெளிக்காற்றை இழுப்பது. மழைக்கு அதுவே நல்லது.

புதுக் காடி வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் நாட்டில் விற்கும் சின்னக் காடிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. திருகியை எவ்வளவு திருப்பினாலும் குளிர் கூடும், குறையும், அவ்வளவுதான். ஆனால் ஏர்கோன் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுத்துவிடும். ஆகவே மலையில் கண்ணாடி உள்பக்கம் மூடினால், குளிராக இருந்தாலும் ஏர்கோனைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வழியைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். இறங்கி வந்து சமவெளியின் புழுக்கக் காற்றைத் தொட்டதும் கண்ணாடி வெளிப்பக்கம் மூடும். அதற்கு வைப்பர் போதும். உள்ளேயா வெளியேயா என்று விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏர்கோன் இல்லாத 1974 வண்டிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கடை கடையாகப் போனோம்.

முதலில் நினைவுக்கு வந்தது கேமரன் மலையேதான். அங்கே காய்கறித் தோட்டங்களில் ஓடும் லேண்ட் ரோவர்களின் எண்ணிக்கை 2003-இல் மலேசிய சாதனைப் புத்தகத்தில் ஏறியது. பிரிஞ்சாங் பக்கம் ஒதுக்கப்புறமான பட்டறை ஒன்றில் பிரித்துப் போட்ட வண்டிகள் வரிசையாகக் கிடந்தன. கதவு, கியர்பெட்டி, அச்சு எல்லாம் கிடைக்கும். ஹீட்டர் மட்டும் இல்லை. குளிர் பழகிய மலைக்காரர்களும் குழாயை வளைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்! முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு மண்பாதையில் ஓடும் வண்டிக்குச் சன்னல் கண்ணாடியே பாதி நேரம் இருப்பதில்லை. அங்கே எதற்கு மூடுபனிக் கவலை?

இரண்டாவது வழி இங்கிலாந்து. லேண்ட் ரோவரின் பழைய வடிவத்தில் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையிலிருந்து வெளியே வந்தது. ஆனாலும் உதிரிப் பொருள் செய்து விற்கும் கடைகள் அங்கே நிறைய இருக்கின்றன. ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர் புதிதாகவே கிடைக்கிறது. அனுப்புக் கூலியைப் பார்த்ததும் சித்தப்பா கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

மூன்றாவது அரைவெட்டு. மலேசியாவில் காடி வைத்திருப்பவர்களுக்கு ஹாஃப்-கட் என்றால் தெரியும். ஜப்பானில் கழித்துவிட்ட காடிகளைப் பாதியாக அறுத்து, எஞ்சினும் டேஷ்போர்டும் உள்ள முன்பாதியைக் கொண்டுவந்து விற்பார்கள். ஜப்பானில் பனிக்காலம் உண்டு. அதனால் அந்தப் பாதிகளில் ஹீட்டர் ஒட்டிக்கொண்டே வரும். இங்கே வாங்குகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பதால் கடைக்காரர்கள் ஒரு மூலையில் குவித்து வைத்திருக்கிறார்கள். விலை மலிவு. ஆனால் அந்தக் குட்டி ரேடியேட்டர்களில் பெரும்பாலானவை அலுமினியம், ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டி. ஓட்டை விழுந்தால் பற்றவைக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். குழாய் வாயின் அளவும் பொருந்த வேண்டும். அரை அங்குலமா, 5/8 அங்குலமா என்று அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. இழுத்துப் பிடித்து மாட்டிய குழாய்தான் மலைப்பாதையில் கழன்று காலில் கொதிநீரைக் கொட்டும். சின்ன பிக்கப்புக்கு, பழைய மோரிஸ் மைனர் போன்ற ஒன்றுக்கு, இந்த அரைவெட்டு ஹீட்டர் பொருந்தலாம். பெட்டியும் காற்று வழியும் ஏற்கெனவே இருக்கும் லேண்ட் ரோவரில் அதைத் திணிப்பது வீண் வேலை.

இணையக் கடைகளில் இன்னும் மலிவாக ஒன்று வந்தது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மின்சார ஹீட்டர். 150 வாட் என்று போட்டிருக்கும். வீட்டில் தலைமுடி உலர்த்தும் கருவி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். தண்ணீர் ஓடும் காடி ஹீட்டர் சில கிலோவாட் சூடு தரும். 150 வாட் அந்த அகலக் கண்ணாடியில் எந்த மூலைக்கு? அதற்கே 12 ஆம்பியருக்கு மேல் ஓடும், பழைய ஒயர் உருகிவிடும். கேம்பிங் போகிறவர்கள் பொருத்தும் தனி டீசல் ஹீட்டரும் உண்டு. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் போன்றவை இதில் பேர் போனவை. அவற்றைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கும் கிடைக்கிறது. எஞ்சின் ஓடாமலே சூடு தரும் என்பது அதன் பெருமை. ஆனால் அதற்குத் தனிப் புகைக்குழாய் உண்டு. அது சரியாக வெளியே போகாவிட்டால் கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு. மணமில்லாத விஷம். இரண்டு மணி நேரப் பயணத்தில் கண்ணாடி துடைக்க இது தேவையே இல்லை.

கடைசியில் வேலை முடிந்தது ஈப்போவில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில். பெட்டியைக் கழற்றி, உள்ளிருந்த குட்டி ரேடியேட்டரை எடுத்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு ஏறி, சேறு அடைத்து, பாறைபோல் இருந்தது. பல ஆண்டுகள் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியதன் விளைவு. ஆனால் இரண்டு பக்கத்துத் தொட்டிகளும் பித்தளை, உறுதியாக இருந்தன. “தொட்டிய வெச்சிக்கலாம் அண்ணே. நடுவுல செம்பு கோர் புதுசா போட்டுரலாம்” என்றார் பட்டறைக்காரத் தம்பி. புதிய செம்புக் கோரைத் தொட்டியோடு பற்றவைத்துத் தந்தார். தண்ணீருக்குள் அமுக்கி, உள்ளே காற்றடித்து, ஒரு குமிழிகூட வரவில்லை என்று காட்டிய பிறகுதான் காசு வாங்கினார்.

பற்றாசு உருகி வெள்ளியாக ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் பாதி வெள்ளீயம். கிந்தா பள்ளத்தாக்கு ஒரு நூற்றாண்டு காலம் உலகுக்குத் தோண்டிக் கொடுத்த உலோகம். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை கவிழ்ந்தபோது இங்கே சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. குளங்கள் மட்டும் மிஞ்சின. ஆனாலும் ஈயம் பற்றவைக்கும் கை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. புதிதாக வாங்குவதைவிட உள்ளதைப் பழுது பார்ப்பது மேல் என்று நான் எல்லாவற்றுக்கும் சொல்லமாட்டேன். இதற்குச் சொல்வேன். அசல் பெட்டி, அசல் காற்று வழி, பழுது பார்க்கத் தெரிந்த கை இந்த மூன்றும் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும்போது லண்டன்வரை எதற்குப் போக வேண்டும்?

விசிறி மோட்டார் மட்டும் புதிது. அதில்தான் கவனம் தேவைப்பட்டது. வண்டி 12 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். ராணுவத்தில் ரேடியோ பொருத்தி ஓடிய லேண்ட் ரோவர்கள் 24 வோல்ட். 1960-களின் நடுப்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அதில் இன்றைய மோட்டாரை யோசிக்காமல் மாட்டினால் விசிறி தலைகீழாகச் சுற்றும், காற்று வராது. ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ உள்ள வண்டியா என்பதும் முக்கியம். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ ஒன்று தருவது 22 ஆம்பியர். மழை இரவில் முன்விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி மூன்றும் ஓடினால் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மெதுவாக ஏறும்போது டைனமோ அந்த 22-ஐயும் தராது. சித்தப்பாவின் வண்டியில் ஆல்டர்னேட்டர் இருந்தது, தப்பித்தோம்.

எல்லாம் மாட்டி எஞ்சினை ஓட்டினால் காற்று வெதுவெதுப்பாகத்தான் வந்தது. போமன் அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டு, “தெர்மோஸ்டாட் எங்க?” என்றார். இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். வெயில் நாட்டில் எஞ்சின் சூடாகக் கூடாது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் பட்டறைகளில் பழைய பழக்கம். அது இல்லையென்றால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, டீசலும் கூடுதலாகக் குடிக்கும். 82 டிகிரி என்று பொறித்த புதிய ஒன்றைப் போட்டார்கள். மலிவான பொருள். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று கடை கடையாக அலைகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றினார்கள். இல்லையென்றால் புதிய செம்பும் சில ஆண்டுகளில் பழைய கதிதான்.

ஒரு சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். கிளேபாங், ஈப்போ, சிம்பாங் பூலாய். அங்கே ஒரு கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் வைத்துப் பசியாறிவிட்டு மலைச் சாலையைப் பிடித்தோம். தாப்பா வழியாக ஏறும் பழைய சாலையைவிட இது அகலமானது, வளைவுகளும் குறைவு. ஆனால் ஏற்றம் விடாது. கெராமாட் பூலாய் பளிங்குக் குன்றுகளைத் தாண்டியதும் காடு சூழ்ந்துகொள்கிறது. போஸ் ஸ்லிம் பக்கம் ஒராங் அஸ்லி குடியிருப்புகள். அதற்கு மேலே ஒரு முழு மலைச்சரிவையே படிப்படியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மண் சரிந்த இடம்.

ஏற்றத்தில் மூன்றாவது கியரும் இரண்டாவது கியரும்தான். சூடு முள் மேலே நகர்ந்தது. சித்தப்பா ஹீட்டரை முழுவதும் திறந்து, விசிறியை வேகமாக வைத்தார். வெளியே இன்னும் புழுக்கம். கேபின் அடுப்பானது, நாங்கள் வியர்வையில் குளித்தோம். முள் இறங்கியது. இரண்டாவது ரேடியேட்டர் ஒன்று கிடைத்த மாதிரிதான் அது. வெயில் நாட்டில் ஹீட்டரால் இப்படியும் ஒரு பயன் இருக்கிறது. எஞ்சின் கொதிக்கப் போகிறது என்றால் ஏர்கோனை அணைத்து ஹீட்டரைத் திறப்பது முதலுதவி. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதீர்கள்.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைக் குறிப்பெடுத்தது 1885-இல். ஜே.ஏ.ரஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில்தான். தானா ராத்தாவில் கம்பளி விற்கும் கடையைப் பார்த்தபடி சித்தப்பா பேச்சை எடுத்தார். தொரை கேமரனுக்கு ஓய்வுக்கு வரும்போது அவர்தான் ஓட்டுவாராம். முன்னால் தொரையும் அவர் மனைவியும். சமையல்காரர் சாமான்களோடு பின்தட்டில், மேலே ஒரு தார்ப்பாய். “ஹீட்டரு எங்க மூணு பேருக்குத்தான். பின்னால இருக்கறவருக்குக் குளிருமேன்னு நான் மெதுவா ஓட்டுவேன். தொரை வேகமா போன்னுவாரு.” தோட்டத்தில் இதே தட்டில்தான் பால்வெட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்களை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதே தட்டில், பாய் விரித்து. “ரெண்டு பிள்ள இதுலயே பொறந்துச்சு” என்றார். முன் இருக்கை காலியாக இருந்தாலும் அதில் கூலியாளை ஏற்றக் கூடாது என்பது எழுதாத சட்டம். இன்று யாரையாவது பின்தட்டில் ஏற்றினால் போலீஸ் நிறுத்தும்.

உறவினர் வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பும்போது எதிர்பார்த்தபடியே மழை பிடித்தது. இந்த முறை சின்னம்மாவும் வந்திருந்தார், பேத்தியைக் காட்டி அழைத்து வந்திருந்தோம். நான் உறவினரின் காடியில் முன்னால் போனேன். கம்போங் ராஜாவில் நிறுத்தி அவர்கள் வண்டிக்கு வந்து பார்த்தேன். கண்ணாடியின் அடிப்பகுதியில் இரண்டு பெரிய விசிறி வடிவத்தில் தெளிவு. மேல் மூலைகளில் மட்டும் கொஞ்சம் வெண்மை. சின்னம்மாவின் முந்தானை தோளில் இருந்தது.

இறக்கத்தில் ஒரு குறை தெரிந்தது. கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லாமல் கியரில் பிடித்து இறங்கும்போது டீசல் எஞ்சின் சூடு குறைந்துவிடும். நீண்ட இறக்கத்தில் ஹீட்டர் காற்று மெல்ல ஆறுகிறது. கண்ணாடி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் சூடு குறைகிறது. சித்தப்பா விசிறியை மெதுவாக்கி, காலடிக்குப் போகும் காற்றை மூடி, எல்லாவற்றையும் கண்ணாடிக்கே திருப்பிவிட்டிருக்கிறார். போதுமானதாக இருந்தது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் இந்தப் பிரச்சினை குறைவு.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ஹீட்டருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தும் குழாய்த் திருகி எஞ்சின் மேலேயே இருக்கும். அங்கே கோடையில் ஒருமுறை மூடி, குளிர்காலத்தில் ஒருமுறை திறந்தால் போதும். நமக்கு ஒரே நாளில் இரண்டு பருவம். சிம்பாங் பூலாயில் ஓரமாக நிறுத்தி, சித்தப்பா பானெட்டைத் தூக்கி, கையில் துணி சுற்றிக்கொண்டு திருகியை மூடினார். சின்னம்மா சன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, “போதும், வாங்க, வேகுது” என்றார்.